மாமா பத்து முழம் விட்டுக் கட்டிய படகு

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவில் தன்னைப்போலப் படகு ஓட்ட ஆளே கிடையாது என்று என் மாமாவே எல்லோரிடமும் சொல்லுவார். அதனால் கல்யாணமான மூன்றாம் வாரம், மாமனார் வீட்டு முதல் விருந்துக்கு பஸ்ஸில் போக அவருக்கு மனசு வரவில்லை. படகிலேயே கிளம்பினோம். மாமா, காட்டூர்ப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்த புது அத்தை, அடம்பிடித்து ஒட்டிக்கொண்ட எட்டு வயது நான். நடுவில் ஒரு கூடை நண்டு, ஒரு கூடை இறால், மாமனாருக்குக் கரைவேட்டி.

ஏரியைத் தாண்டி ஆற்றுக்குள் நுழைந்து, தடுப்பணைக்குக் கீழே கரை சேர்ந்தோம். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் ஏறும், வற்றும். கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டினால்தான் படகு தொங்காது. அதே பழக்கத்தில் மாமா பூவரச மரத்தில் எப்போதும்போலப் பத்து முழம் விட்டுக் கட்டினார். “நான் கட்டுறேன் மாமா” என்று கெஞ்சினேன். வழக்கம்போலக் கயிற்றைத் தொடவே விடவில்லை.

“கிட்டக்க இழுத்துக் கட்டுங்க. ஷட்டர் தூக்குனா தண்ணி பிச்சிக்கினு வரும்” என்றார் அத்தை.

“ஏரியில பொறந்தவனுக்கு இவ பாடம் நடத்துறா பாரு” என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நாலு எட்டு வைத்திருக்க மாட்டோம், ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். அடேயப்பா, என்ன தண்ணீர்! பத்து முழத்தையும் இழுத்துக்கொண்டு படகு நடு ஆற்றுக்குப் போய்ச் சாய்ந்து ஆடியது. இறால் கூடை போயே போச்சு.

“ஐயோ, என் மானம் போச்சே!” என்று மாமா கரையில் குதித்தார். அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அணைமேல் ஓடினார்.

“அண்ணே, எறக்குண்ணே! எங்க நைனாவுக்கு எடுத்தாந்தது போவுதுண்ணே!”

ஷட்டர் இறங்கியது. மாமா தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்துக் கரை சேர்த்தார்.

“இன்னா மாப்ள, வேட்டி சொட்டுது?” என்று வீட்டு வாசலிலேயே கேட்டார் மாமனார்.

மாமா என் தலையில் கைவைத்தார். “கொழந்ததான் படகக் கட்டுச்சு. ஆசப்பட்டுதேனு வுட்டேன்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கயிற்றைத் தொட விடாத மாமா, படகு கட்டிய பெருமையை எனக்கே கொடுத்துவிட்டாரே! அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் தெருவெல்லாம் சொன்னேன். “எவ்ளோ கயிறு வுட்ட?” என்று கேட்டார்கள். பத்து முழம் என்றேன். என்னை விட்டுவிட்டு எல்லோரும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். “இனிமே யாராண்டயும் சொல்லாத கண்ணு.”

பாவம், மாமாவுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.