பெயர் வைக்காத நான்கு மாதம்

எங்கள் முதல் பெண்ணுக்குப் பதினாறாம் நாளே பெயர் வைத்தோம். நாற்பதாம் நாள் அவள் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அடுத்த பெண் பிறந்தபோது, பெயர் என்ற பேச்சையே என் மனைவி எடுக்கவிடவில்லை.

"பாப்பான்னே கூப்பிடுங்க. பேரு வச்சா கண்ணு பட்டுடும்" என்று சொல்லிவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், கப், சாசருக்குப் பளபளப்புப் பூச்சு கொடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. கூட இருந்தவர்கள் தினமும் பெயரைக் கேட்டார்கள், மழுப்பினேன். பிறப்பைப் பதிந்தபோதும் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டேன். பிரசவத்துக்கு முன்பே நாங்கள் பேசிவைத்த பெயர் ஒன்று இருந்தது. நல்ல தமிழ்ப் பெயர், நடுவில் ஒரு ழகரம் வரும். அதைச் சொல்ல எனக்கும் பயம். சொன்ன பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? வேலை முடிந்து திரும்பும்போது தெருமுனையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு வருவேன். குழந்தை அழும் சத்தம் கேட்டால்தான் என் நடையின் வேகம் குறையும்.

நான்காம் மாதம் காய்ச்சல் வந்தது. மதியத்துக்குள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். பாப்பா என்றேன்.

"எல்லாக் கொழந்தையும் பாப்பாதாங்க. பேரச் சொல்லுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தப் பெயரைச் சொன்னாள். சொல்லிப் பழகிய குரல். நான் வீட்டில் இல்லாத நேரங்களில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் நிற்காது. அவள் ளகரமாகச் சொன்னாள், அவரும் அப்படியே எழுதிவிட்டார். ஐந்து நாள் வார்டில் இருந்தோம். ஊசி போட வந்த நர்சம்மா சீட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஆறாம் நாள் காலையில் குழந்தை வயிறு நிறையப் பால் குடித்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கக் கிளம்பியபோது, எழுத்தைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். ளகரம் போட்டால் பெயருக்கு அர்த்தமே இருக்காது என்றும் விளக்கினேன்.

"அந்த எழுத்தோடதான பொழச்சி வந்தா. மாத்த வேணாங்க" என்றாள்.

மாற்றவில்லை. அக்கம்பக்கத்தில் அந்தப் பெயரையும் பாதியாக ஒடித்துக் கூப்பிட்டார்கள்; அது என் மனைவிக்கு உறுத்தவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் தாமாகவே ழகரம் போட்டுவிட்டார். என் மனைவி மேசையருகே போய், பழையபடி எழுதச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். "அப்படியே எழுதுங்க சார்" என்றேன்.

பெண்ணை வகுப்புக்குள் விட்டுவிட்டு வெளியே வந்தோம். மனைவி மட்டும் சன்னலோரம் நின்றுவிட்டாள். டீச்சர் பெயரைக் கூப்பிட்டு, மகள் உள்ளேன் என்று சொல்வது காதில் விழுந்த பிறகுதான் என்னோடு நடந்தாள்.