பனிச்சறுக்கு நாயும் மச்சினன் காளையும்

போன ஞாயிறு என் வீட்டு டிவியில் ஒரு நாய் பனிச்சறுக்கு விளையாடியது. அதற்கு முந்தின வாரம் அலைமேல் பலகை ஓட்டிய குரங்கு. அதற்கும் முந்தி ஒரு பன்றி... பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தது. எல்லாம் தமிழ் டப்பிங். எல்லாம் கடைசி நிமிடத்தில் ஜெயித்து, கோப்பையை நக்கும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அலுக்கவே இல்லை. எனக்கு? அதை யார் கேட்டார்கள்?

அன்றைக்குப் பார்த்து குளத்தூரிலிருந்து மச்சினன் முருகேசன் வந்திருந்தான். மாட்டுவண்டிப் பந்தயக்காரன். அவனுடைய செவலைக் காளைக்கு முன்னங்கால் வீக்கம். பதினைந்து நாள் வண்டியில் பூட்டக் கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை பந்தயம். இவன் பூட்டியே தீருவேன் என்கிறான்.

"ஏலே, கால் ஒடிஞ்சு விழுந்துச்சுன்னா என்ன செய்வ?" – அவன் அக்கா, அதாவது என் மனைவி, காலையிலிருந்து கத்திப் பார்த்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது? அதனால் ஒரு ராஜதந்திரம் செய்தேன்.

"மாப்ளே, செத்த உக்காந்து படம் பாரு. மனசு மாறும்."

மாறியது... நான் நினைத்த பக்கம் அல்ல.

"என்ன அத்தான், உப்பளத்துக் குமியல்ல சறுக்குத மாதிரி இருக்கு" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தான். பாதிப் படத்தில் நாய்க்குக் காலில் அடி. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டுப் போட்ட காலோடு நாய் மலையிலிருந்து சறுக்கி ஜெயித்தபோது, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தியளா அத்தான்? வைராக்கியம் வேணும். எஞ் செவலைக்கும் அது இருக்கு. புதன்கிழமை பூட்டுதேன்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

படம் முடிந்து, நடித்த நாய்களின் பெயர்கள் ஓடின. மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மாமா, அது ஒரே நாய் இல்ல. ஒரே மாதிரி ஆறு நாய். ஓடுததுக்கு ஒண்ணு, நொண்டுததுக்கு ஒண்ணு. ஒண்ணு களைச்சுப் போனா அடுத்தத விடுவாங்க."

"அப்ப நொண்டுனது நடிப்பா?"

"ஆமா. அதுக்குக் கால் நல்லாத்தான் இருக்கும்."

முருகேசன் போனை எடுத்துப் பந்தயக் கூட்டாளியைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, புதன்கிழமை நம்ம வண்டி வேண்டாம்... இல்ல, டாக்டருக்குப் பயந்து இல்ல. எங்கிட்ட இருக்கது ஒரே ஒரு செவலதான."

டாக்டர் சொல்லி, அக்கா சொல்லிக் கேட்காதவன்... ஆறு நாய் சொல்லிக் கேட்டிருக்கிறான். இனி இந்தப் படங்களைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.