ஐஸுக்கும் பூவுக்கும் நடுவில் ஓர் இலை

பெட்டியில் முதலில் உடைத்த ஐஸ், அதன்மேல் வாழையிலை, இலைமேல் ஈரத்துணி, அப்புறம்தான் மல்லி. திருத்தணியில் மலைப்படி தொடங்கும் இடத்துப் பூக்கடையில் சுஜாதா இன்றும் இப்படித்தான் அடுக்குகிறாள். அடுக்கும்போதெல்லாம் மாமியார் எல்லம்மாளின் குரல் காதில் விழும்.

"ஐஸு பூ மேல பட்டுச்சின்னா கண்ணாடியாப் பூடும்டி. அப்பறம் சாமிகூட வாங்காது."

எல்லம்மாள் கனகம்மாசத்திரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த மறுவாரமே கடையில் உட்கார்ந்துவிட்டாள். கை பாட்டுக்குப் பூக் கட்டும். வாய் பாட்டுக்குப் போகிறவர்களை வம்புக்கு இழுக்கும். மொட்டையடித்துக்கொண்டு வரும் ஆம்பளைகளைப் பார்த்து, "உன் தலைக்குத்தான் வழியில்ல, அந்தம்மா தலைக்காவது ஒரு முழம் வாங்கு நைனா" என்பாள். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

பிறகு சர்க்கரை வந்தது. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாறினாள். ஒரு கோடையில் செருப்பு கடித்து, வலது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊசியோ ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

"அத்தே, எனக்குத் தெரியாம பஞ்சாமிர்தம் துன்றீங்களா?"

"முருகன் மேல ஆணையா இல்லடி. உன் கண்ணெதிர்லதான ஒக்காந்துகினு கீறேன்?"

சுஜாதா நம்பவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் தேவிப்பிரியா ஒருநாள் பூ வாங்க வந்தாள். வந்தவள் சும்மா போகவில்லை.

"மருந்த எங்க வச்சிருக்கீங்கம்மா?"

"ஐஸ் பொட்டிலதான். வூட்ல பிரிட்ஜ் ஏது?"

பூவை ஒதுக்கி, இலையைத் தூக்கி, அடியில் ஐஸுக்குள் புதைந்திருந்த பாட்டிலை எல்லம்மாளே எடுத்துக் கொடுத்தாள். தேவிப்பிரியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்துக்குள் வெள்ளையாகத் துகள் மிதந்தது.

"இது உறைஞ்சு போயிருக்குதும்மா. இன்சுலின் ஒரு புரதம். ரெண்டு சின்னச் சரத்தச் சேத்துக் கட்டி, சுருட்டி மடிச்சாப்பல இருக்கும். அந்த உருவம் ஒக்கார்றதுக்குன்னே ஒடம்புல ஒவ்வொரு செல்லு மேலயும் ஒரு எடம் இருக்குது. அதுல சரியா ஒக்காந்தாதான், ரத்தத்துல இருக்கிற சர்க்கரய செல்லு உள்ள வுடும். உறைஞ்சா உருவம் கெட்டுடும். சரம் அப்படியே இருந்தாலும் அதுல ஒக்கார முடியாது."

"ஐஸு பட்ட மல்லியாட்டமா?"

"ஆங், அதேதான்."

எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பூவுக்கு எல போட்டவ, இதுக்குப் போடலியே! கண்ணாடிக்குள்ளதான கீது, ஐஸு இன்னா பண்ணும்னு வுட்டுட்டேன்."

புது பாட்டில் வந்தது. ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் ஒரு சின்னக் கலயம், அதற்குள் மருந்து, நிழலில் வைத்தார்கள். சர்க்கரை மெல்ல இறங்கியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் படியேறும்போது புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரல் தப்பியது.

அதற்குப் பிறகு யார் பிரசாதம் கொண்டுவந்து நீட்டினாலும் எல்லம்மாள் கடைக்குள் திரும்பிக் கத்துவாள்: "சுஜா, போலீஸு வேல பாக்க வாடி! பஞ்சாமிர்தம் வந்துகிது!" சுஜாதாவும் வந்து பிடுங்கிக்கொண்டு போவாள். அந்தச் சத்தம் இல்லாமல் இப்போது கடை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

போன வருஷம் எல்லம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். குளிப்பாட்டியதும் கால்கட்டுக்கு யாரோ துணி தேடினார்கள். சுஜாதா கடையிலிருந்து பூக்கட்டும் நாரை எடுத்துவந்து, நனைத்து, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து அவளே கட்டினாள்.