கத்தாத ஹாஷ்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வீட்டுக்காரர் அதற்குப் பழகிவிட்டார், பழகியதுதான் வினை. நாங்கள் இருவரும் மலைமேல் மஞ்சக்குட்டை வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள். பள்ளிக்கூட வேன்களுக்கான ஆப் எங்கள் பொறுப்பு. பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் வேனில் வரும் ஆயா அவர்களுடைய அட்டையைப் போனில் காட்டுவார். எல்லோரும் இறங்கியதும் பச்சை வரும்.

அது ரூபி மொழியில் எழுதியது. அதில் ஹாஷ் என்பது சமையலறையில் பெயர் ஒட்டி வைத்த டப்பாக்கள் மாதிரி. பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது வரும். அந்தப் பெயர்தான் கீ. எங்கள் புரோகிராமில் இல்லாத கீயைக் கேட்டால் எர்ரர் வந்து நின்றுவிடும். வீட்டுக்காரர் மொழியோடு வருகிற ஹாஷையே திறந்து, கீக்களுக்கென்று சொந்தமாகச் சில மெத்தட்களைச் சேர்த்தார். கீயில் ஒட்டிக்கொண்ட இடைவெளியை நீக்க ஒன்று, சின்ன எழுத்தாக மாற்ற ஒன்று. அதுவரை சரி. கடைசியாக ஒன்று எழுதினார்: கீ இல்லையென்றால் சத்தம் போடாமல் வெறுமையைக் கொடுத்துவிட்டு மேலே போ.

"ஏனுங்க, அடிமடியிலயே கை வெக்கிறீங்களே! ஒரு எடத்துல எழுதுனா அந்த எடத்தோட போச்சு. ஹாஷ்லயே எழுதுனா புரோகிராம் பூராவும் வாயக் கட்டுன மாதிரி ஆயிருமுங்க."

"நொம்பத்தான் பயப்படறே. இனி எர்ரரே வராது, போ" என்று சிரித்தார்.

எர்ரர் வராததும் தப்பு நடக்காததும் ஒன்றா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். கம்பெனியில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது.

பிறகு ஒரு நாள் எங்கள் பக்கத்து வேன் ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பாப்பாவை வாழவந்தி ஊர் வேனில் வீட்டுக்கு அனுப்புவதாகப் பள்ளியிலிருந்து சொன்னார்கள். சாயங்காலம் எதிர் வீடே தெரியாத பனிமூட்டம். வேன் வரவில்லை. அந்த வேன் ஆயாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாப் புள்ளைகளையும் எறக்கி உட்டாச்சுங்களே. பச்சை வந்துருச்சு, வண்டியப் பூட்டிட்டு ஊட்டுக்கே வந்துட்டனுங்க."

"எம்புள்ள எங்கீங்க?"

"ஐயோ சாமி! ஏறுச்சுங்க. அட்டைய நாந்தான் காட்டுனனுங்க!"

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனோம். பாதி வழியில் அவரே சொன்னார், "அந்த வேன் ஹாஷ்ல பாப்பாவோட அட்டை நம்பரே இல்ல." பழைய மாதிரி இருந்திருந்தால் அட்டையைக் காட்டியதுமே எர்ரர் வந்து ஆயாவின் போன் கத்தியிருக்கும். இப்போது வெறுமை வந்தது, போன் சும்மா இருந்தது. யாராவது பாக்கியா என்று கடைசியில் பார்த்தபோதும் கணக்கில் இல்லாத பிள்ளையை யார் தேடுவது? அவர் முதுகிலேயே குத்தினேன். வண்டியை இன்னும் முறுக்கினார்.

ஆயா சாவியோடு வேன் நிற்கும் ஷெட்டுக்கு ஓடி வந்தார். முன்பெல்லாம் கடைசி சீட் வரைக்கும் போய்ப் பார்ப்பாராம். பச்சை வர ஆரம்பித்த பிறகு போவதில்லை. பாப்பா பின்சீட்டுக்குக் கீழே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க அவள் கை அடையாளம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மெத்தடை எடுத்துப்போட்டுப் பழைய பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதுவரை அமுங்கிக் கிடந்த எர்ரர்கள் திரை கொள்ளாமல் வந்து விழுந்தன. கணக்கில் விட்டுப்போன யார் யார் பிள்ளைகளோ. திரையைப் பார்க்க முடியாமல் என் மடியில் கிடந்தவளிடம் குனிந்தார்.

"தூங்கி முழிச்சதும் கூப்புட்டிருக்கலாமே கண்ணு?"

"நொம்ப நேரம் கத்துனேம்ப்பா" என்றாள். தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. "யாருக்குமே கேக்கல."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.