அந்தக் கூட்டத்தில் யாரும் டீ குடிக்கவில்லை

அரசுப் பொறியாளர் கோமதி காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்ன உறவினர், அதே மூச்சில், “பாவம், கடைக்காரங்களோட டீ குடிச்சிகினு இருந்து பேரைக் கெடுத்துகினாங்க” என்றார். துக்க வீட்டிலும் இரண்டு பேர் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் டீ குடிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். மேசைமேல் இருந்தது தண்ணீர்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்காக ஒரு பொதுச் சாயக்கூடம் கட்ட முடிவானபோது, வரைபடம் கோமதியிடம் வந்தது. எந்தப் பொருள் சரிவரும் என்று டெண்டர் விட்ட பிறகு கடைக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை, டெண்டரை எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். “தாராளமா கூப்பிடும்மா” என்று மேலதிகாரி வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. கோமதி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி, கட்டுமானப் பொருள் விற்கும் எல்லோரையும் அழைத்தார். என் கணவருக்குப் பிறகு டைல்ஸ் கடையை நடத்துகிறவள் நான். அதனால் நானும் போனேன்.

கதவை அவரே விரியத் திறந்துவைத்தார். விலை பேசுகிறவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்றார். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி: “உங்க பொருள் இந்தக் கட்டடத்துல எங்க தோத்துப்போவும்? முதல்ல அதைச் சொல்லுங்க.”

கூரைத் தகடு விற்பவர், “நம்ம ஷீட்டு எங்கயும் தோக்காதுங்க மேடம்” என்றார்.

குழாய்க் கடைக்காரர் விடவில்லை. “அப்போ மழைக்கு உங்க கடையிலயே ஏன் பக்கெட்டு வெச்சிகினு கீறீங்க?”

அறையே சிரித்தது. கோமதியும் சிரித்துவிட்டு, “இப்போ சொல்லுங்க, ஷீட்டுக்காரரே” என்றார். சாயத் தொட்டியிலிருந்து எழும் ஆவி பட்டால் தகட்டின் ஆணிகள் துருப்பிடிக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

என் முறை வந்தது. நூலை அவிக்கும் சோடா உப்புக் கலந்த கொதிநீர் சிந்தும் தரையில் என் டைல்ஸ் வழுக்கும் என்றேன். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். தரைக்குச் சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் என்று கோமதி குறித்துக்கொண்டார்.

திறந்திருந்த அந்தக் கதவு வழியாகத்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். டெண்டருக்கு முன்பே வியாபாரிகளோடு ரகசியக் கூட்டம் என்று புகார் போயிற்று. அனுமதி கொடுத்த நினைவே மேலதிகாரிக்கு இல்லாமல் போனது. விசாரணைக்கு நானாகவே போனேன். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லக் கான்வென்டில் பழகியவள் நான். விசாரித்தவர் படத்தைக் காட்டி, “இது நீங்கதானாம்மா?” என்றார்.

“ஆமாம். ஆனால் அங்கே நடந்தது என்னவென்றால்—”

“கேட்டதுக்கு மட்டும் சொன்னா போதும். போய்ட்டு வாங்க.”

வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கோமதியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கூட்டத்தில் பேசியதெல்லாம் ஒதுக்கப்பட்டு, பழைய வரைபடத்தின்படியே கூடம் எழுந்தது. தரையில் பளபளக்கும் டைல்ஸ். என் கடையிலிருந்து போனவை அல்ல. அவற்றின்மேல் சாக்கு விரித்துத்தான் வேலை செய்கிறார்கள். ஒருமுறை பார்க்கப் போனேன். “பாத்து வாங்கம்மா, வழுக்கும்” என்று என்னையே ஒருவர் எச்சரித்தார்.

விசாரணை முடிவு வராமலே கோமதி ஓய்வு பெற்றார். அவர் நோயில் படுத்திருந்தபோது போய், ஆரஞ்சு உரித்து, நார் நீக்கிக் கொடுத்தேன். “இவ்ளோ சுத்தமா எடுத்தா எப்படிங்கம்மா? உங்க டைல்ஸ் மாதிரி வழுக்கிகினு போவுது” என்று கேலி செய்தார். பிறகு, “நான் தப்பு பண்ணேன்னாவது எழுதிக் குடுக்கட்டும்மா. எழுத்துல இருந்தா பதில் சொல்லுவேன். ஒண்ணுமே சொல்லாம இருந்தா, நான் யாருக்குப் பதில் சொல்றது?” என்றார். அடுத்த சுளையைக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கூட்டத்தில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். கடைக்கு வருகிறவர்களிடம், எந்த டைல்ஸை எங்கே போடக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

அவருடன் பணியாற்றியவர்களும் அவரை விசாரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். கோமதி மீதான விசாரணையில் என்ன முடிவு செய்தீர்கள்? எந்த முடிவானாலும் சரி, அவர் வீட்டு முகவரிக்கு எழுத்து மூலமாகப் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.