கறுத்துப்போன முட்டை

குளவிகளைக் கொண்டு பயிர்ப்பூச்சியை ஒழிக்கப் பார்க்கும் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைப் புழுவம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. பயிர் தின்னும் புழுக்களை டப்பா டப்பாவாக வளர்த்து, கடைசியில் குளவிகளிடம் காட்டிக்கொடுக்கிற வேலை. குளவி கொட்டி உள்ளே முட்டை வைத்த புழுக்களில் தினம் பத்தை அறுத்து, அந்த முட்டை உயிரோடிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுத வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் எதற்கும் அருவருத்ததில்லை. பயந்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

புதிதாக வந்த விஞ்ஞானி மேடம் டீ குடித்தபடி சொன்னார்: "குளவி முட்டையை மட்டும் வைக்கிறதில்ல. கூடவே ஒரு வைரஸையும் ஏத்திடுது. புழுவோட ரத்தத்துல காவல் காக்கிற செல்லெல்லாம் அப்படியே படுத்துடும். தனக்குள்ள இன்னொண்ணு வளர்றது தெரியாம, அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும்."

இரண்டு வருஷமாகப் புழுவம்மாவின் வயிற்றில் தங்கையின் கிட்னி ஓடிக்கொண்டிருக்கிறது. "உடம்போட காவலைப் படுக்க வைக்கத்தான் இந்த மாத்திரை. இல்லேன்னா உடம்பே புதுக் கிட்னியை அழிச்சிடும்" என்று ஆபரேஷனன்று டாக்டர் சொன்னதில், இப்போது முதல் பாதி மட்டும் காதில் ஒலித்தது. விரலில் ஒரு வாரமாக ஆறாத கீறல். சிவக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. தன்னையும் கொட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் மாத்திரையை எடுத்தவள், திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

தினம் எட்டு மணிக்குத் தங்கை போன் செய்வாள்.

"அக்கா, என் பொருள் பத்திரமா இருக்கா?"

"அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

வாய் கூசாமல் ஒன்பது நாள் சொன்னாள். பத்தாம் நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. வீங்கியிருந்தது. வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முதல் ஏழு புழுக்களில் முட்டை வெளுப்பாக, உயிரோடிருந்தது. எட்டாவதில் கறுத்துப்போயிருந்தது. எப்போதாவது ஒரு புழுவின் காவல் படுக்காது. முட்டையை நாலாபக்கமும் மொய்த்து, மூச்சுமுட்டக் கொன்றுவிடும். அப்படி ஜெயித்த புழுவை, "சமர்த்துடா நீ" என்று மேடத்துக்குத் தெரியாமல் அவள் கொஞ்சுவது வழக்கம். இன்றும் வாய் திறந்தாள். அடிவயிற்றில் வலப்பக்கம், தங்கையின் கிட்னி இருக்கிற இடத்தில், சுருக்கென்று வலித்தது.

அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாகத் தன் உடம்பு செய்துகொண்டிருப்பதும் இதைத்தான் என்று புரிந்ததும், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை நாளா மாத்திரை போடல?" என்று கேட்டபோது தகவல் கேட்டு ஓடிவந்த தங்கையும் அருகில் நின்றாள். பொய் சொல்ல வழியில்லை. தங்கையின் கை தன் இடுப்புத் தழும்புக்குப் போனது.

"உடம்பு கிட்னியைத் தாக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப ஏத்தப்போற மருந்து உங்க எதிர்ப்புச் சக்தியை மொத்தமா அடக்கிடும். சாதாரணச் சளிகூட ஆபத்து. கிட்னி பிழைக்குமான்னு மூணு நாள் போனாத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

"அடக்குங்க" என்றாள் புழுவம்மா.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. அவள் கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான்" என்றாள் தங்கை. "உனக்குக் குடுக்க என்கிட்ட இன்னொண்ணு இல்லையேக்கா."