செங்கேணி முன்மொழிந்த வேட்பாளர்

திருப்புலிவனத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் செங்கேணியைத் தெரியாதவர் கிடையாது. நாற்று நட இறங்கினால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று மகள் இளமதியை எம்.ஏ. வரைக்கும் படிக்க வைத்தவள். தான் பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை என்பதை மட்டும் மூடி மறைப்பாள். பஸ் வந்தால், "கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன், எந்த வண்டின்னு பாத்து சொல்லும்மா" என்பாள். கண்ணாடியாவது ஒன்றாவது! அவள் கண்ணாடி போட்டு யார் பார்த்தார்கள்?

இந்த முறை ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு என்று வந்துவிட்டது. நிலபுலன்காரர் புருஷோத்தமன் ஆள் தேடிக் கிளம்பினார். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பற்றி விருந்தாளிகளிடம் விலாவாரியாக அளப்பார் மனுஷன். பதவிக்கு வருகிறவனுக்குப் படிப்பு வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வெட்டி வைத்த சீமையாக்கும்! இப்போது அவருக்கு வேண்டியதோ படிக்காத ஆள்.

"நீ நில்லு செங்கேணி. ஆபீசு வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சும்மா சேர்ல குந்திக்கினு இரு."

"நான் எதுக்குங்க? எம்பொண்ணு எம்.ஏ. படிச்சிட்டு வூட்லதான கீது. அத நிக்க வெய்யுங்களேன்."

"அது வேணாம். படிச்ச பொண்ணு ஆயிரத்தெட்டு கேள்வி கேக்கும். பேஜாரு."

செங்கேணிக்குச் சுருக்கென்றது. "கேக்கட்டுமே! அதுக்குத்தான படிக்க வெச்சேன்?" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இளமதி தானே நிற்பதென்று முடிவு செய்தாள். ஆனால் வேட்புமனுவை முன்மொழிய ஊரில் ஓட்டுள்ள ஒருவர் வேண்டுமே! யாரும் வரவில்லை. பாவம், நாளைக்குப் புருஷோத்தமன் கழனிக்குத்தானே கூலிக்குப் போக வேண்டும்? கடைசி நாளும் வந்துவிட்டது. "நீயே முன்மொழியலாம்மா" என்று மகள் சொன்னதும் செங்கேணி பின்வாங்கப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் பேனாவை நீட்டுவார்களே!

ஒன்றிய அலுவலகத்தில் நல்ல கூட்டம். புருஷோத்தமனும் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார். "கையெழுத்து போடுங்கம்மா" என்று அதிகாரி பேனாவை நீட்டினார்.

செங்கேணி மகளை ஒரு தரம் பார்த்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்" என்றாள், வாசல் வரைக்கும் கேட்கிற குரலில். "எம்பொண்ணுக்குத் தெரியும். அதான் அத நிக்க வெக்கிறேன். மைய இப்படி வைங்க."

இளமதியின் பெயருக்குக் கீழே கட்டை விரலை நன்றாக அழுத்தினாள்.